கடலுக்குள் செல்லும் செய்தி

நுழையும்முன்

ஒரு கருவியை உருவாக்குவதற்கு முன், அது யாருக்கு, எதற்கு, எத்தகைய சூழலில் பயன்பட வேண்டும் என்பதை ஆராய்ந்து எழுதும் பணியைத் 'தேவை வரையறை' என்பர். பல நிறுவனங்கள் கூடி மேற்கொள்ளும் ஆய்வுத் திட்டங்களில் இதுவே முதற்பணி. மீனவர்க்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றின் வழியே அதனை அறிவோம்.

எட்டயபுரத்தின் கரிசல் நிலத்தைக் கடந்து கிழக்கே சென்றால் வேம்பார், கீழவைப்பார் எனக் கடற்கரை ஊர்கள் தொடங்குகின்றன. தெற்கே தருவைக்குளம், தூத்துக்குடி, மணப்பாடு என அவை நீள்கின்றன. முத்துக்குளித்தலால் பெயர்பெற்ற இக்கடலில் இன்று வல்லங்களும் விசைப்படகுகளும் மீன்பிடிக்கின்றன. ஒரே நாளில் கரை திரும்புவோரும் உண்டு. பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்வோரும் உண்டு. இவ்விரு சாராரின் தேவையும் ஒன்றன்று என்பதை 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் கொடுமையாக உணர்த்தியது.

நவம்பர் இறுதியில் குமரிக்கடல் பகுதியில் உருவான அப்புயல் மிக விரைவாக வலுப்பெற்றது. நவம்பர் 29ஆம் நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரையே கைப்பேசியின் அலை எட்டும். அவர்களோ 50 கடல் மைலுக்கு அப்பாலும், சில வேளைகளில் 300 கடல் மைல் வரையிலும் செல்பவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் நூற்றுக்கணக்கில் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நாட்டில் செயற்கைக்கோள்கள் இல்லாமல் இல்லை. அவற்றிலிருந்து படகுக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் கண்ணிதான் இல்லை.

இங்கே மீனவரின் தேவையைச் சொல்வது எளிது: கடலில் எங்கிருந்தாலும் புயல் வருவது அவருக்குத் தெரிய வேண்டும். இது பயனர் தேவை. ஆனால், இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொறியாளர் எதையும் உருவாக்க இயலாது. எத்தனை கடல் மைல் தொலைவு? எத்தனை நிமிடத்திற்குள்? உப்புநீர் தெறிக்கும் படகில், மின்னிணைப்பு இல்லாமல், கருவி எத்தனை நாள் உழைக்க வேண்டும்? இவ்வாறு அளந்து சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றுகளாக மாற்றும்போது அது தொழில்நுட்பத் தேவையாகிறது. மாற்றும்போது எதுவும் சிதறிவிடக் கூடாது. காற்றைக் கொண்டல், கச்சான், வாடை எனத் திசைவழிப் பெயரிட்டு அறிபவர் மீனவர். வானிலையாளர் அதையே பாகையிலும் நாட்டிலும் அளப்பார். இரண்டும் ஒன்றையே குறிக்கும் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்வது நன்று.

ஒக்கிக்குப் பின் உருவானதே 'ஜெமினி' கருவி. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இந்திய விமான நிலைய ஆணையத்துடன் இணைந்து உருவாக்கிய இக்கருவி, 2019 அக்டோபர் 9 அன்று அறிமுகமானது. விமான நிலைய ஆணையத்திற்கும் மீன்பிடித்தலுக்கும் என்ன தொடர்பு எனத் தோன்றலாம். விமானங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கணிக்க அவ்வாணையமும் இஸ்ரோவும் அமைத்த 'ககன்' என்னும் செயற்கைக்கோள் வழியமைப்பு, இந்தியப் பெருங்கடலின் மீதும் செய்தி பரப்ப வல்லது. வானுக்கென அமைத்த பாதையிலேயே கடலுக்குரிய செய்தியும் செல்லட்டும் என்பதே திட்டம். புதிய செயற்கைக்கோள் தேவைப்படவில்லை.

எனினும் அப்பாதை மிகக் குறுகலானது. நொடிக்கு 250 இருமங்களே அதில் செல்லும். நீண்ட அறிக்கைக்கு அங்கே இடமில்லை. ஆகவே, கருவி பெறும் சுருக்கக் குறிகளை ஊடலை வழியாக மீனவரின் கைப்பேசிக்கு அனுப்ப, அதிலுள்ள செயலி அவற்றை விரித்து மாநில மொழிகளில் காட்டுகிறது. தாய்மொழியில் படிக்க வேண்டும் என்ற பயனர் தேவையும், குறுகிய அலைவரிசை என்ற தொழில்நுட்ப வரம்பும் இவ்வாறு ஒன்றோடொன்று உடன்பட்டன. திட்டத்தின் மிக அழகிய முடிவு இதுவே எனலாம்.

குறை ஒன்றும் உண்டு. ஜெமினியில் கரை பேசும். கடல் பேச முடியாது. ஆபத்தில் சிக்கியவர் அதன்வழி உதவி கேட்க இயலாது. இதற்கு நேர்மாறானது, 2010 முதல் வழக்கில் இருந்த இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி. அதில் கடல் பேசும். தன் குரல் கரையை எட்டியதா என்பதைப் படகில் உள்ளவர் அறிய வழியில்லை. புயலின் நடுவே பொத்தானை அழுத்திவிட்டு விடையின்றிக் காத்திருப்பவரின் மனநிலை எந்தத் தொழில்நுட்ப அளவையிலும் அடங்குவதில்லை. அதுவும் ஒரு தேவையே. 2024 சனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்னும் ஒப்புகை படகுக்குத் திரும்பி வருகிறது.

செயற்கைக்கோளே எல்லா இடத்திற்கும் விடையாகாது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, ஊர்மக்களுக்கு எத்தகைய செய்தி வேண்டும் என்பதை முதலில் கேட்டறிந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பைப் பெற்று ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மக்களை ஆழிப்பேரலையிலிருந்து காத்ததும் அத்தகைய ஒலிபெருக்கியே. வேம்பாரிலிருந்து புறப்பட்டு அன்றே கரை திரும்பும் வல்லத்துக்கு, புறப்படும் முன் காதில் விழும் அறிவிப்பே போதுமானதாக இருக்கலாம். தருவைக்குளத்திலிருந்து பல நாள் பயணம் செல்லும் படகுக்கு அது போதாது.