'இன்னைக்கு அரண்மனை லீவு சார்!' வெளிநாட்டு டூரில் ஏமாற்றுவது எப்படி நடக்கிறது? தேனியிலிருந்து கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளியூர் கார் ஒன்று கம்பத்தைத் தாண்டி குமுளிக்கு மலையேறுகிறது. தேக்கடி பார்க்க வந்த குடும்பம். வழியில் கைகாட்டி ஒருவர் நிறுத்துகிறார். "சார், போட்டிங் டிக்கெட் முடிஞ்சிருக்கும். வாங்க, நல்ல ஸ்பைஸ் கடை ஒன்னு காட்டுறேன்."

இதைப் பார்க்கும் உள்ளூர்க்காரர் மனதுக்குள் சிரித்துக்கொள்வார். டிக்கெட் முடிந்ததா இல்லையா என்பது கவுன்ட்டரில் கேட்டால்தான் தெரியும் என்பதும், கடைக்குக் கூட்டிப் போகிறவருக்கு அங்கே கமிஷன் இருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் அதே உள்ளூர்க்காரர் பேக்பேக்கை மாட்டிக்கொண்டு பாங்காக்கில் இறங்கினால், அவர்தான் அந்த வெளியூர் கார். அங்கே என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது, தப்பிப்பது எப்படி? பார்க்கலாம்.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்?

வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு காலத்தில் வேலைக்குப் போவது மட்டும்தான். இப்போது நாலு நண்பர்கள் சேர்ந்து தாய்லாந்து, மலேசியா, இலங்கை என்று கிளம்புகிறார்கள். தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா 2023 டிசம்பரிலும் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கின. கம்பம் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னையைவிட குமுளி வழியாகக் கொச்சி விமான நிலையம் கிட்டம். டிக்கெட்டை போனிலேயே போட்டுவிடலாம்.

முன்பு டூர் ஏஜென்ட் கூடவே வருவார். இப்போது நாமாகப் போகிறோம். செலவு குறைகிறது. ஆனால் தெரியாத ஊரில் எது நியாயமான விலை, எது வழக்கம் என்று சொல்லக் கூட யாரும் இல்லை. ஏமாற்றுபவர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

'அரண்மனை லீவு' மோசடி எப்படி நடக்கிறது?

பாங்காக்கில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி இது. பயணக் கையேடுகள் எல்லாவற்றிலும் எச்சரிக்கை இருக்கிறது. இருந்தும் இன்றுவரை ஆட்கள் மாட்டுகிறார்கள். காரணம், இது ஒரே பொய் கிடையாது. நாலைந்து சின்னச் சின்னப் பொய்களை வரிசையாக அடுக்குகிறார்கள்.

முதல் ஆள்: கிராண்ட் பேலஸ் எனும் அரண்மனைக்குப் போகும் வழியில், நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்தபடி வருவார். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது. புத்த மத விசேஷம். மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்" என்பார். அதுவரை பார்க்க வேறு கோயில்கள் இருக்கின்றன என்று மேப்பில் வட்டம் போட்டுக் காட்டுவார்.

இரண்டாவது ஆள்: அந்த நேரம் பார்த்து ஒரு டுக்-டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, வந்து நிற்கும். மூன்று இடமும் சுற்றிக் காட்ட 20 பாத் என்பார் ஓட்டுநர். பக்கத்துத் தெருவுக்கே அதைவிட அதிகம் கேட்கும் ஊர் அது. இவ்வளவு குறைவாக ஏன் என்று கேட்டால், "அரசாங்கம் பெட்ரோல் கூப்பன் தருது" என்று பதில் வரும்.

மூன்றாவது ஆள்: கூட்டமில்லாத ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போல ஒருவர் பேச்சுக் கொடுப்பார். தன்னைப் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் என்பார். பேச்சோடு பேச்சாக, அரசு நடத்தும் நவரத்தினக் கல் விற்பனை இன்றோடு முடிகிறது, வாங்கி ஊரில் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று சொல்வார்.

நான்காவது இடம் கல் கடை. இதற்குள் மூன்று வெவ்வேறு ஆட்கள் ஒரே கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குள் தொடர்பு இருக்கும் என்று நமக்குத் தோன்றாது. கார்டைத் தேய்த்துவிடுவோம்.

கல் பெரும்பாலும் போலி இல்லை. உண்மையான நீலக்கல்லாகவே இருக்கும். தரம்தான் மட்டம். கொடுத்த விலையில் சிறு பங்குகூடத் தேறாது. "கையில் கொண்டுபோனால் கஸ்டம்ஸ் தொல்லை, நாங்களே பார்சலில் அனுப்புகிறோம்" என்று கடையே சொல்வதும் உண்டு. நாம் அங்கேயே வேறு கடையில் காட்டி விலை கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் ஒருவர், காயை உள்ளங்கையில் போட்டு உருட்டியே தரம் சொல்லிவிடுவார். அவரிடம் மட்டமான காயை நல்ல விலைக்குத் தள்ள முடியாது. ஆனால் அவருக்கும் நீலக்கல் தெரியாது. நமக்குத் தெரியாத சரக்கில், நமக்குத் தெரியாத ஊரில், லாபம் காட்டுகிறார்கள் என்றால் அந்த லாபம் யாருக்கு?

உண்மை என்ன? கிராண்ட் பேலஸ் வழக்கமாக எல்லா நாளும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். அரச விழாக்களின்போது மாற்றம் இருக்கலாம். அதை வாசலில் உள்ள டிக்கெட் கவுன்ட்டரில்தான் கேட்க வேண்டும். அரசு நடத்தும் ஒருநாள் கல் விற்பனை என்று எதுவும் கிடையாது.

தமிழ் பேசினால் நம்பலாமா?

இதேபோன்ற கதை கொழும்பிலும் உண்டு. காலிமுகத்திடல் பக்கம் நடந்து போகும்போது ஒருவர் பேச்சுக் கொடுப்பார். "பக்கத்துக் கோயிலில் யானை ஊர்வலம், இன்றைக்கு மட்டும்தான்" என்பார். ஆட்டோவும் தயாராக நிற்கும். கோயிலைச் சுற்றிவிட்டு வண்டி நிற்பது கல் கடையில். இறங்கும்போது ஆட்டோ வாடகையும் எகிறியிருக்கும்.

இங்கே நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. அவர் தமிழில் பேசலாம். "எந்த ஊரு தம்பி, மதுரைப் பக்கமா?" என்று கேட்டதுமே மனசு இளகிவிடும். தமிழ் பேசுகிற எல்லாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. இலங்கையிலும் மலேசியாவிலும் உண்மையான அன்போடு உதவுகிறவர்கள் ஏராளம். ஆனால் மொழி ஒன்று என்பதற்காக விலை கேட்காமல் வண்டியில் ஏறக் கூடாது. நம்ம ஊரில் ஏறுவோமா?

பாஸ்போர்ட்டை அடமானம் வைக்கலாமா?

கூடவே கூடாது. பட்டாயா, புக்கெட் போன்ற கடற்கரை ஊர்களில் ஜெட் ஸ்கியும் ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும். சில இடங்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடியில் ஒரு கீறலைக் காட்டி, "நீங்கள்தான் இடித்தீர்கள்" என்பார்கள். கேட்கும் தொகை பல ஆயிரம் பாத்தாக இருக்கும். நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். நாளைக்கு ஃபிளைட், பாஸ்போர்ட் அவர் கையில். பேரம் பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

எடுக்கும் முன்பே வண்டியை அடிப்பாகம் உட்படச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுங்கள், கடைக்காரரும் அதில் தெரியட்டும். டெபாசிட்டுக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள், பாஸ்போர்ட்டின் நகல் போதும். ஒத்துக்கொள்ளாத கடையில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் அங்கே ஸ்கூட்டர் ஓட்டினால், விபத்து நடந்தால் டிராவல் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஏமாற்ற முடியுமா?

முடியும். தாய்லாந்துக்குப் போகிறவர்கள் 2025 மே 1 முதல் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையும் இலவசம்தான். ஆனால் கூகுளில் தேடினால், அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் பணம் கேட்கும். தாய்லாந்து அரசுத் தளங்களின் முகவரி 'டாட் ஜி.ஓ. டாட் டி.எச்.' என்று முடியும். அப்படி முடியாத தளம் காசு கேட்டால் மூடிவிடுங்கள்.

'டூர் மாதிரி போயிட்டு, அப்படியே வேலை' – இதுதான் பெரிய ஆபத்து

கல் கடையில் போவது பணம் மட்டும். இதில் போவது ஆளே.

"முதல்ல டூரிஸ்ட்டா போங்க தம்பி, அங்க போய் விசாவ மாத்திக்கலாம். கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், ரூம் ஃப்ரீ." இப்படி நம்பிப் பாங்காக்கில் இறங்கியவர்களைக் காரில் ஏற்றி, சுமார் 500 கி.மீ. தள்ளியுள்ள மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஓடும் ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்களை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையில் உட்கார வைக்கிறார்கள். மறுத்தால் அடி, பட்டினி. வெளியே விடப் பெரும் பணம் கேட்பார்கள்.

இதில் தமிழர்களும் சிக்கினார்கள். சுமார் 50 தமிழர்கள் உட்பட 300 இந்தியர்கள் மியான்மரில் சிக்கியிருப்பதாக 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் முதற்கட்டமாக 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் மே சோட்டிலிருந்து அழைத்துவரப்பட்டார்கள்.

குடியேற்றப் பணியகம் தொகுத்த கணக்கு ஒன்று யோசிக்க வைக்கிறது. 2022 ஜனவரி முதல் 2024 மே வரை கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் நாடுகளுக்கு விசிட்டர் விசாவில் போனவர்களில் 29,466 இந்தியர்கள் அப்போது திரும்பியிருக்கவில்லை. அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 3,124 பேர். திரும்பாத எல்லாரும் மோசடிக் கும்பலிடம் சிக்கியவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 20 முதல் 39 வயதுக்குள் இருப்பவர்கள்.

சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் தாய்லாந்தில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. உண்மையான வேலை என்றால், அதற்குரிய விசா கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உரிமம் பெற்றவர்கள் அதிகபட்சமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். தெரிந்த அண்ணன், சொந்தக்காரப் பையன் என்றாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பல நேரம் அவரையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

டுக்-டுக் முதல் மியாவாடி வரை எல்லாவற்றிலும் பொதுவாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

1. நாம் தேடிப் போகவில்லை, அவர் நம்மைத் தேடி வந்தார். உதவி வேண்டும் என்றால் நாமாக ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது பாதுகாப்பு. தானாக வந்த உதவியை ஒருமுறை யோசியுங்கள்.

2. நம் திட்டம் மாறுகிறது. அரண்மனைக்குக் கிளம்பியவர் கல் கடையில் நிற்கிறார். ஊர் சுற்றக் கிளம்பியவர் எல்லை ஊருக்குக் காரில் போகிறார். "நான் கிளம்பும்போது இங்கே வருவதாக இருந்தேனா?" என்ற ஒரு கேள்வி போதும்.

3. அவசரப்படுத்துகிறார்கள். இன்று ஒரு நாள்தான், இப்போதே முடிவு சொல்லுங்கள் என்பார்கள். "ரூமுக்குப் போய் யோசிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான வியாபாரி சரி என்பார்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

* தாய்லாந்தில் டூரிஸ்ட் போலீஸ் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம். வாங்கிய பொருளோடும் ரசீதோடும் அன்றே போங்கள். ஊருக்கு வந்தபின் பணத்தைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம்.
* கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியிடம் சொல்லி, எழுத்தில் புகார் கொடுங்கள்.
* நம் வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் பணம் போயிருந்தால், ஊரில் இருப்பவர் 1930 என்ற எண்ணை உடனே அழைத்துப் பரிவர்த்தனை விவரங்களைச் சொல்லட்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொல்வது முக்கியம்.
* பாஸ்போர்ட் போய்விட்டால், உள்ளூர் போலீஸ் புகார் நகலோடு இந்தியத் தூதரகம் போனால், நாடு திரும்ப அவசரகாலச் சான்றிதழ் தருவார்கள்.
* தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை உதவி எண்: இந்தியாவுக்குள் 1800 309 3793. வெளிநாட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுக்க +91 80690 09901.

சொல்ல வெட்கப்பட வேண்டாம்

ஏமாந்தவர்களில் பலர் வாயைத் திறப்பதில்லை. "படிச்ச பையன், இதுலயா ஏமாந்தான்னு ஊர்ல சிரிப்பாங்க" என்ற பயம்தான் காரணம். கல் கடையில் ஏமாந்தவர் அதை யாரிடமும் சொல்லாததால்தான், அடுத்த மாதம் போகிற நண்பரும் அதே டுக்-டுக்கில் ஏறுகிறார். வேலை என்று போய்ச் சிக்கியவர் முதல் போன் காலில் உண்மையைச் சொல்லாமல் "நல்லா இருக்கேம்மா" என்றதால், வீட்டில் புகார் கொடுக்கவே வாரங்கள் ஆகிவிடுகின்றன.

அதனால் கிளம்பும் முன் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல், ஃபிளைட் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தினமும் ஒரு நேரத்தில் லொகேஷன் அனுப்புவதாகச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆபத்தைச் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மாடு கன்னு போட்டுருச்சா?" என்று மகன் கேட்டால், மாடே இல்லாத வீட்டில் அம்மாவுக்குப் புரிந்துவிடும்.