கொரோனா தோலிலும் தெரியும்

காய்ச்சலும் இருமலும் வந்தால் கொரோனாவோ என்று சந்தேகப்படுகிறோம். உடம்பெல்லாம் தடித்துப்போனால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 2020-இல் இத்தாலியின் லொம்பார்டியில் மருத்துவமனையில் இருந்த 88 கொரோனா நோயாளிகளைத் தோல் மருத்துவர்கள் பார்த்தபோது, 18 பேருக்குத் தோலில் மாற்றம் இருந்தது. அவர்களில் 8 பேருக்கு அது நோயின் தொடக்கத்திலேயே வந்திருந்தது.

என்னென்ன வடிவங்கள்?

அதே ஆண்டு ஸ்பெயின் மருத்துவர்கள் தோலில் மாற்றம் கண்ட 375 பேரைப் பார்த்து, அந்த மாற்றங்களை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சிறு புள்ளிகளும் தடிப்புகளும் கலந்து வந்தன. சிலருக்கு அரிப்போடு காணாக்கடி. சிலருக்கு மார்பிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள்; இவை மற்ற அறிகுறிகளுக்கு முன்பே தலைகாட்டுவதும் உண்டு. இளவயதினருக்குக் கால்விரல்கள் வீங்கிக் கன்றிப்போயின. ஐந்தாவது வகை அரிது, ஆனால் அஞ்சவேண்டியது: தோலில் வலைபோல் நீலக் கோடுகள் ஓடும், சில இடங்களில் தோல் கருகும். நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைபடுவதன் அடையாளம் அது. வயதானவர்களிடமும் நோய் முற்றியவர்களிடமும்தான் பெரும்பாலும் காணப்பட்டது.

மாநிறத் தோலில் சிவப்பைத் தேடாதீர்கள்

மருத்துவக் கட்டுரைகள் ‘சிவந்த தடிப்பு’ என்றே எழுதுகின்றன. அந்தச் சிவப்பு வெளிறிய தோலில்தான் பளிச்சென்று தெரியும். கொரோனாவின் தோல் அறிகுறிகளைக் காட்டி அப்போது வெளியான 130 படங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 120 படங்கள் வெளிர் தோலுடையவை என்று கண்டார்கள். கருந்தோலின் படம் ஒன்றுகூட இல்லை. நம்மைப் போன்றவர்களின் நோய் கண்ணில் படாமல் போவதற்கு இது போதாதா?

மாநிறத்திலும் கறுப்பிலும் அதே தடிப்பு அடர்பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். நிறமே மாறாமல் மேடு மட்டும் தட்டுப்படுவதும் உண்டு. ஆகவே பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் வெண்படலம், உதட்டின் உட்புறம் இவற்றில் மாற்றம் எளிதாகத் தெரியும். காணாக்கடி சில மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், தெரியும்போதே செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

டெங்குவோடு குழப்பம்

பாங்காக்கில் ஒருவருக்குத் தோலில் இரத்தப் புள்ளிகள் வந்ததைப் பார்த்து முதலில் டெங்கு என்றே முடிவுகட்டினார்கள். பிறகுதான் கொரோனா என்று தெரிந்தது. மழைக்காலந்தோறும் டெங்கு வந்துபோகும் நம் ஊர்களிலும் இந்தக் குழப்பம் வரலாம். தோலை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பரிசோதனை வேண்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

புள்ளியின்மேல் கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிட்டால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மை என்று ஒதுக்கிவிடாதீர்கள்

கொப்புளம் கண்டதும் அம்மை என்று வேப்பிலை வைத்து, மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது இன்னும் நடக்கிறது. வேப்பிலை இருக்கட்டும், மருத்துவரையும் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். காரணம் தெரியாமல் தடவினால் அறிகுறி மறையும், நோய் மறையாது.

குழந்தைகளிடம் கூடுதல் கவனம்

லேசான கொரோனா வந்துபோன குழந்தைக்கு, இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து விடாத காய்ச்சல், உடலில் தடிப்பு, கண் சிவப்பு, உதடு வெடிப்பு, வயிற்றுவலி சேர்ந்து வரலாம். இதயத்தையும் பாதிக்கக்கூடிய அழற்சி இது. அரிதுதான், ஆனாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. முன்பு கொரோனா வந்ததையும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.