பட்டை எளிது, படம் அரிது

கல்யாணமோ கச்சேரியோ, முதலில் விரிக்கப்படுவது ஜமக்காளம். செட்டிகுளத்திலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அதில் ஓடும் பட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு யானையையோ ரயிலையோ அதில் காண்பது அரிது. காரணம் என்ன?

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல்களுக்குப் பாவு என்று பெயர். அவற்றின் மேலும் கீழுமாகக் குறுக்கே செல்லும் நூல் ஊடை. ஈரோடு மாவட்டத்துப் பவானியில் ஜமக்காளம் நெய்வோர், பருமனான ஊடையை நெருக்கி அடிக்கிறார்கள். பாவு உள்ளே மறைந்துவிடுகிறது; நம் கண்ணில் படுவது ஊடையின் நிறமே. நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடுவதால் அந்த வரிசை முழுவதும் ஒரே நிறம். நாடாவை மாற்றினால் அடுத்த பட்டை தொடங்கும். வேலையும் விரைவாக நடக்கும்.

படம் வேண்டுமானால் ஊடை நடுவழியில் திரும்பியாக வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் வாழும் நவஹோ பழங்குடியினர் இவ்வாறுதான் கம்பளி விரிப்புகளை நெய்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் தறியில், ஒவ்வொரு நிற நூலும் தனக்குரிய இடம்வரை மட்டும் சென்று திரும்புகிறது. ஒரு வரிசையில் பத்து இடங்களில் நிறம் மாறினால் பத்து இடங்களிலும் கை நின்று வேலை செய்ய வேண்டும். பெரிய விரிப்புக்குப் பல மாதங்கள் ஆகும். இரு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பிளவு விழாதிருக்க, நூல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும் உண்டு. 1880களில் ரயில் பாதை அங்கே வந்தபின், ரயிலும் விரிப்பில் ஏறிக்கொண்டது! 1994-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் கேட்டதற்கிணங்க, மாரிலூ ஷுல்ட்ஸ் என்ற நவஹோ நெசவாளர் பென்டியம் கணிப்பொறிச் சில்லின் உள்ளமைப்பையே நெய்து காட்டினார். சில்லின் உள்ளமைப்பில் நேர்க்கோடுகளும் கட்டங்களுமே மிகுதி. அவை தறிக்கு எளிதில் பொருந்துகின்றன.

வட்டம் அப்படியன்று. வரைபடத்தாளில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் முழுமையாக அடங்கும் கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டிப் பாருங்கள். விளிம்பு படிக்கட்டுபோலத் தெரியும். கட்டம் சிறுக்கச் சிறுக்கப் படிகள் மறையும். நூல் மெலிய மெலிய நெய்த படமும் அவ்வாறே தெளிவடையும். தொலைக்காட்சித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் நாம் காணும் படங்கள் புள்ளிகளால் ஆனவைதாம்.

பட்டை கைத்தறிக்கு எளிது, விசைத்தறிக்கும் எளிது. பவானி நெசவாளரின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும், விசைத்தறிப் போலிகள் தங்கள் பிழைப்பைக் கெடுப்பதாக நெசவாளர்கள் முறையிடுகின்றனர். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கடையில் எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த முறை ஜமக்காளத்தில் உட்காரும்போது ஒரு பட்டையை விரலால் சற்றே விலக்கிப் பாருங்கள். அடியில் ஒளிந்திருக்கும் பாவு தெரியும்.