வயதான பூனையின் வயிற்றில் கட்டியா? புற்று என்று முடிவு கட்டாதீர்கள்

நெல்லும் விதை மூட்டைகளும் உள்ள வீட்டில் எலியை அடக்கப் பூனை ஒன்று இருப்பது வழக்கம். பத்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டோடு இருந்த பூனையின் வயிற்றில் ஒரு நாள் கட்டி தட்டுப்பட்டால், "புற்று வந்துவிட்டது, இனிப் பிழைக்காது" என்று சோறு வைப்பதை நிறுத்துவோரும், சாக்கில் கட்டி ஊர்க்கோடியில் விட்டு வருவோரும் உண்டு. இது தவறு. வயிற்றில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல. அதே சமயம், புற்றா இல்லையா என்பதைக் கையால் தடவி மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

கட்டி போலத் தோன்றுபவை

மெலிந்த பூனையின் சிறுநீரகம் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். இது இயல்பானதே. இறுகிய மலம், நிரம்பிய சிறுநீர்ப்பை, சினை, கருப்பையில் சீழ் கோர்த்தல் ஆகியவையும் கட்டி போலத் தோன்றும். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வெளியேறவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும்.

தீங்கற்ற கட்டி

பத்து வயதைத் தாண்டிய பூனைகளின் கல்லீரலில், பித்த நாளங்களிலிருந்து நீர்க்கட்டி தோன்றுவதுண்டு. உள்ளே பல அறைகளில் நீர் நிறைந்திருக்கும். மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. சிறிதாக உள்ளவரை அறிகுறி எதுவும் தெரியாது. பெரிதாகி இரைப்பையை அழுத்தும்போது தீனி குறையும், வாந்தி வரும். கல்லீரலின் ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் அறுவை செய்து அகற்றலாம். அதன்பின் பூனை நலமாக வாழும்.

எனினும் வயதான பூனைகளின் குடலில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே. ஆகவே அலட்சியம் கூடாது.

கண்டறியும் முறை

1. இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை: கட்டி எத்தகையது என்று இது பெரும்பாலும் சொல்லாது. சிறுநீரகமும் கல்லீரலும் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதை அறிய உதவும்.

2. எக்ஸ்ரே: கட்டியின் அளவும் இடமும் தெரியும். மார்பையும் படம் எடுத்தால் நுரையீரலுக்குப் பரவியுள்ளதா என்று பார்க்கலாம்.

3. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: கட்டி எந்த உறுப்பில் உள்ளது, உள்ளே நீரா சதையா என்பது தெரியும்.

4. ஊசிப் பரிசோதனை: மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. நீர்க்கட்டியில் போதிய உயிரணுக்கள் கிடைக்காமல் போகலாம்.

5. திசுப் பரிசோதனை: இதுவே முடிவானது. புற்றுக் கட்டியும் சில வேளை ஸ்கேனில் நீர்க்கட்டி போலவே தோன்றும். எனவே அறுவையில் எடுத்த கட்டியை எறிந்துவிடாமல், அதைப்போல் பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மாதம் ஒரு முறை பூனையைக் கூடையில் வைத்து எடை பாருங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு இழப்பு. வயிறு பருத்திருக்க முதுகெலும்பு துருத்தினால், எடை குறையாவிட்டாலும் பூனை மெலிகிறது என்றே பொருள்.

கட்டியை அடிக்கடி அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே இரத்தம் கசியக்கூடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஒரு நாள் முழுதும் தின்னாவிட்டால் காத்திருக்க வேண்டாம். பட்டினியால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, கட்டியைவிட அதுவே ஆபத்தாக முடியும்.

முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மேல் பரிசோதனைக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். முதுமை ஒரு நோயல்ல. எந்தக் கட்டி என்று தெரிந்த பிறகே பூனையைப் பற்றிய முடிவை எடுங்கள்.