தொன்மம் திரையேறும்போது: கூக்காலிலிருந்து சில குறிப்புகள்

'நாவலைக் கெடுத்துட்டாங்க' என்பதும் 'நாவலை அப்படியே எடுத்திருக்காங்க' என்பதும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள். அந்தக் கேள்வியே நம்மைத் திசை திருப்புகிறது என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகள். 2012இல் வசந்தபாலனின் 'அரவான்' வந்தபோதும், 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாக வந்தபோதும் இதைத்தான் பேசித் தீர்த்தோம். சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'யைப் படமாக்குவது தன் கனவு என்று இயக்குநர் ஷங்கர் 2025 ஜூலையில், அந்நாவல் ஒரு லட்சம் பிரதிகள் விற்றதைக் கொண்டாடிய சென்னை விழாவில் சொன்னார். படம் வரும் நாளில் இதே பேச்சு மறுபடியும் கிளம்பும். அதற்கு முன்பாகவே கேட்டு வைக்க வேண்டிய வேறு சில கேள்விகள் இருக்கின்றன.

நான் இருப்பது பழனி மலையின் மேல்பகுதியில், பூம்பாறையைத் தாண்டிய கூக்காலில். பாரியின் பறம்பு என்று மரபு சொல்வது சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையை. பழனி மலையோ இன்னொரு வேளிர் தலைவனின் பெயரோடு ஒட்டியது: வையாவிக் கோப்பெரும் பேகன். பாரியும் பேகனும் ஒரே பட்டியலில் வருகிறவர்கள். ஆகவே பாரியின் கதைக்கு நேரப்போவது என்ன என்பதைப் பேகனின் கதைக்கு ஏற்கெனவே நேர்ந்ததிலிருந்து ஓரளவு படித்துக்கொள்ளலாம்.

1. மூலப்பிரதி எது?

பேகனைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு காட்சி. மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து அவன் தன் போர்வையைக் கொடுத்தான். பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். 141 முதல் 147 வரை ஏழு பாடல்கள் பேகனைப் பற்றியவை. அவற்றில் ஐந்து, அவன் கைவிட்ட மனைவியைப் பற்றியவை. பாடலின் கீழுள்ள குறிப்பு அவள் பெயரைக் கண்ணகி என்கிறது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் போய் நிற்கிறார்கள். எங்களுக்குப் பொன்னும் வேண்டாம், பரிசிலும் வேண்டாம், நீ தேர் பூட்டி அவளிடம் போ என்பதுதான் அவர்கள் கேட்பதன் சாரம். மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லை என்ற குத்தல் அதற்குள் இருக்கிறது.

பிறகு சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை வரிசைப்படுத்துகிறது. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. ஆளுக்கு ஒரு பெருமை. அந்தப் பட்டியலில் மயில் நின்றது, கண்ணகி போய்விட்டாள். ஐந்து பாட்டுக்குரிய ஒரு பெண்ணை வெட்டித் தள்ளிய இந்தத் தொகுப்பு வேலை, காமிரா கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

பாரியின் கதையும் அப்படியே. புறநானூற்றில் பாரி மகளிருக்குப் பெயர் கிடையாது. அங்கவை, சங்கவை என்பவை பின்னால் வந்த மரபு. தந்தையை இழந்த அப்பெண்களை மணந்துகொள்ளும்படி கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் கேட்கிறார், இருவரும் மறுக்கிறார்கள். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதைச் சேர்த்திருக்கிறது, வேண்டாததைத் தள்ளியிருக்கிறது.

2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த 'வேள்பாரி' இந்த வரிசையில் இன்னொரு எழுத்து. அதற்குப் படம் வரைந்தவர் மணியம் செல்வன். அவருடைய தந்தை மணியம்தான் 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு வரைந்தவர். பாத்திரங்களின் முகம், உடை, கொண்டை எல்லாவற்றையும் வாரப் பத்திரிகை ஓவியம் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. திரைப்படம் தழுவுவது எழுத்தை மட்டுமில்லை, வாசகர் மனதில் ஏற்கெனவே பதிந்து கிடக்கும் இந்தப் பிம்பங்களையும்தான். ஆக, 'மூலத்துக்கு விசுவாசமா?' என்று கேட்டால், எந்த மூலத்துக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பெயர்ப்பிலும் வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதுதான் பொருளுள்ள கேள்வி.

2. தயக்கத்தைப் படம் பிடிக்க முடியுமா?

அதிபுனைவு பற்றிப் பேசும்போது தொதொரோவை விட முடியாது. 1970இல் வந்த நூலில் அவர் சொன்னது எளிமையானது. ஒரு விநோதம் நிகழ்கிறது. அது இயற்கை விதிக்கு உட்பட்டதா, அப்பாற்பட்டதா என்று முடிவுக்கு வர முடியாமல் வாசகர் தயங்கி நிற்கும் அந்த நேரம்தான் அதிபுனைவு. முடிவெடுத்துவிட்டால் அது வேறு வகை எழுத்தாகிவிடும்.

'வேள்பாரி'யில் தேவவாக்கு விலங்கு என்றொரு உயிர் வருகிறது. எப்போதும் வடக்கு நோக்கியே உட்காரும். கடலில் திசை தெரிய உதவும் என்பதால் வணிகமும் அரசும் அதன்மேல் கண் வைக்கின்றன. படிக்கும்போது நமக்குத் தேவாங்கு ஞாபகம் வருகிறது. அப்படி ஒரு குணம் அதற்கு உண்டா, இல்லை கதையா என்ற ஐயத்தோடேயே பக்கம் நகர்கிறது. மலைக்காரர்களுக்குத் தெய்வ வாக்காக இருப்பது, வியாபாரிக்குத் திசைகாட்டிக் கருவி. நாவலின் அரசியலே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

திரையில் என்ன ஆகும்? காமிராவால் தயங்க முடியாது, அந்த விலங்கைக் காட்டியாக வேண்டும். கணினி வரைகலையில் பெரிய கண்ணோடு, ரோமம் சிலிர்க்கும் ஒரு பிராணி வந்துவிட்டால் தயக்கம் போச்சு. மிஞ்சுவது 'என்னமா பண்ணியிருக்காங்க' என்ற வியப்பு. அது தொழில்நுட்பத்தைப் பற்றிய வியப்பு, உலகத்தைப் பற்றியதல்ல. விலங்கைக் காட்டாமல் அதைப் பார்க்கிற இரண்டு முகங்களை, வணங்குகிற ஒன்றையும் விலை போடுகிற ஒன்றையும், காட்டலாம். ஒலியால் சொல்லலாம். ஆனா, பல நூறு கோடி போட்டவர்கள் காட்டாமல் இருப்பதற்கா செலவழிப்பார்கள்? பெரிய முதலீடு அழகியலையும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறது.

உண்மையான தேவாங்கு இந்த மலைகளுக்குக் கிழக்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் காடுகளில் வாழ்கிறது. 2022இல் தமிழக அரசு கடவூரில் அதற்கென்று ஒரு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. திரைத் தேவாங்கைப் பார்த்துக் கைதட்டப் போகிறவர்களுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

3. எந்தக் காடு?

தொல்கதை என்றாலே ஒரு 'ஆதிகாடு' தேவைப்படுகிறது. நம் சினிமாவுக்குக் காடு என்றால் பெரும்பாலும் கோடைக்கானல் பைன் மரங்கள். அந்தப் பைன் இந்த மண்ணுக்குரியதல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து வரிசையாக நட்டது. தோல் பதனிட வாட்டில், மரக்கூழுக்கு யூகலிப்டஸ் என்று புல்வெளிகளும் போயின. மேல்பழனி மலையின் இயல்பான முகம், பள்ளத்தாக்கில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியும். கூக்கால் பக்கம் அதன் மிச்சங்களை இன்னும் பார்க்கலாம். படிக்கட்டு வயலில் பூண்டும் உருளையும் போட்டிருக்க, அதற்கு மேலே அந்தச் சோலை. சங்ககாலத் தலைவன் வாட்டில் தோப்பில் குதிரை ஓட்டினால் அது வெறும் கலை இயக்கத் தவறல்ல. ஒரு சூழலை அழித்தவன் நட்டு வைத்ததையே 'இயற்கை' என்று நமக்குப் பழக்கிவிடுகிற வேலை அது.

இடத்தின் பெயரையும் சினிமா எடுத்துக்கொள்ளும். 'பிசாசின் அடுக்களை' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட குகைகளில் 1991இல் வெளிவந்த 'குணா' எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து அது குணா குகை. 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் இன்னும் இறுகிவிட்டது. இரண்டு பெயருக்கும் முந்திய பெயரை யாரும் கேட்பதில்லை.

பறம்பு முற்றுகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூவேந்தரும் சூழ்ந்து நிற்கிறார்கள். கபிலர் அவர்களிடம் சொல்வது வீரத்தைப் பற்றியல்ல, சோற்றைப் பற்றி. உழவர் உழாமலே இந்த மலை நான்கு தருகிறது: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். எத்தனை நாள் சூழ்ந்தாலும் பட்டினி போட முடியாது என்பது அதன் பொருள். முற்றுகையை எதிர்த்து நின்றது வாளைவிட அதிகமாக ஒரு பொருளாதாரம். சமவெளி அரசுக்கு மலை ஏன் உறுத்தியது என்பதற்கும் விடை இங்கேதான். திரைக்கதை எழுதுகிறவர் இந்த இடத்தில் பத்தாயிரம் பேர் மோதும் போர்க்களத்தை எழுதுவாரா, கிழங்கு அகழும் ஒரு பெண்ணின் கையை எழுதுவாரா? படத்தின் அரசியல் அந்த ஒரு தேர்வில் தெரிந்துவிடும்.

4. மலைக்காரர் என்ற வேஷம்

கிழங்கும் தேனும் இன்று யாருடைய வாழ்க்கை? பழனி மலைப் பளியர்களுடையது. காட்டுச் சிறு விளைபொருளைச் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. 2013இல் கோடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஒருபக்கம் சரணாலய விதி, மறுபக்கம் வன உரிமை என்ற இந்த நெருக்கடிக்குள் வாழ்கிற மக்களுக்குத் திரையில் கிடைப்பது உடம்பில் கரி, தலையில் இறகு, வாயில் புரியாத பாஷை. தலைவன் மட்டும் சிவப்பாக, சமவெளித் தமிழ் பேசிக்கொண்டு நடுவில் நிற்பான். 'அரவான்' போன்ற படத்தில்கூட, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட 'காவல் கோட்டம்' நாவலிலிருந்து ஒரு சிறு பகுதிதான் திரைக்கு வந்தது. அறுநூறு ஆண்டு வரலாறு ஒரு நாயகனின் கதையாகச் சுருங்கியது. பெருங்கதையாடல் கூட்டத்தை வெட்டித் தனிமனிதனை எடுத்துக்கொள்ளும். திரை அதை இரட்டிப்பாக்கும்.

இங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தாத்தா, பேகன்னு ஒரு ராசா இந்த மலையில இருந்தாராமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?" "பள்ளிக்கூடத்துப் புள்ளைக சொல்லுங்கப்பா. எங்களுக்கு அந்தக் கதை கிடையாது. பெரிய பெரிய கல்லு நிறுத்தி வீடாட்டம் இருக்குல்ல, அது குள்ள மனுசங்க கட்டுனது. அதக் கேளு, சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னது கற்திட்டைகளை. 1928இல் ஆங்லாத், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் பழனி மலைக் கற்திட்டைகள் பற்றித் தனிநூலே எழுதினார்கள், தொல்லியல் துறை வெளியிட்டது. மலையடிவாரத்துப் பொருந்தலில் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் செய்த அகழாய்வில், ஈமக்குழிக்குள் நான்கு கால் சாடி நிறைய நெல் கிடைத்தது. காலக்கணிப்பு கி.மு. 490. மணி செய்யும் தொழில் நடந்த தடயமும் கிடைத்தது. இவையெல்லாம் ஒரு கலை இயக்குநருக்குக் கையில் கிடைத்திருக்கிற சான்றுகள். குள்ள மனிதர் கதையோ ஒரு மக்கள் கூட்டம் தன் மலையைத் தனக்கே விளக்கிக்கொண்ட அதிபுனைவு. சான்றும் கதையும் இருக்கிறபோது, அயல்நாட்டுப் படங்களின் கோட்டைகளையும் கவசங்களையும் கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

5. தொன்மம் யாருடைய சொத்து?

2024 செப்டம்பரில், 'வேள்பாரி'யின் காட்சிகள் அனுமதியின்றிப் பிற படங்களில் எடுத்தாளப்படுவதாக ஷங்கர் பகிரங்கமாக எச்சரித்தார். நாவலின் திரை உரிமை தன்னிடம் இருப்பதையும் சொன்னார். எழுத்தாளரின் உழைப்புக்குக் காப்பு வேண்டும், இதில் இரண்டாவது பேச்சில்லை. சினிமா எழுத்தாளனைத் திருடிய வரலாறு நமக்குத் தெரியாததா? ஆனால் எல்லை எங்கே என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்று, தொன்மச் செய்திகளுக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றை ஒருவர் சொன்ன விதத்துக்கே உரிமை. அதாவது, தேவவாக்கு விலங்கை வைத்து வெங்கடேசன் பின்னிய காட்சி அவருடையது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி யாருக்கும் சொத்தல்ல.

நடைமுறையில் வேறு மாதிரி நடக்கும். பெரிய படம் ஒன்று வந்துவிட்டால் அதன் பாரிதான் பாரி. தெருக்கூத்தில், பள்ளி நாடகத்தில், பிள்ளைகளின் ஓவியத்தில் அந்த நடிகரின் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டம் தராத ஏகபோகத்தைப் பிம்பம் தந்துவிடுகிறது. இதற்குப் பதில் படத்தைப் புறக்கணிப்பது அல்ல. மாற்றுச் சொல்லல்களைப் பெருக்குவது. சிறு நாடகக் குழு ஒன்று, பேகன் வாசலில் நான்கு புலவர்கள் பரிசிலை மறுத்து நிற்கும் அந்த இரவை அரைமணி நேரத்தில் நடித்துவிடலாம். அதற்குக் கோடிகள் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். கண்ணகி இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே கூப்பிடுகிற பிரதியை எழுதுங்கள். கற்திட்டைக் கதை கேட்க வேண்டும் என்றால் கூக்காலுக்கு வாருங்கள், சொல்வதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.