பின்னல் படமும் ஓர் எழுத்துதான்

நீங்கள் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். எண்களையும் கற்றுக்கொண்டீர்கள். இப்போது இன்னொரு வகை எழுத்தைப் பார்ப்போம். இதில் உள்ள முக்கியமான அடையாளங்கள் ஆறுதான்.

ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே குரோஷா பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கொக்கி ஊசியும் நூலும் இருந்தால் போதும். அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்தபடியே பின்னுகிறார்கள். அவர்கள் பின்னும் மேசை விரிப்புகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. 2024-ஆம் ஆண்டில் இந்தப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருள் இன்ன இடத்துக்கு உரியது என்று சட்டப்படி காட்டும் அடையாளம் அது.

அம்மா பின்னுவதைப் பார்த்து மகள் கற்றுக்கொள்கிறாள். மாதிரித் துண்டைப் பார்த்தும் பின்னலாம். ஆனால் புதிய மாதிரி வந்தால் என்ன செய்வது? யாராவது சொல்லித்தர வேண்டும். படத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

அடையாளங்கள்

1. சிறிய முட்டை வடிவம்: ஒரு சங்கிலிக் கண்ணி.
2. கறுப்புப் புள்ளி: இரண்டு இடங்களை இணைக்கும் கண்ணி.
3. கூட்டல் குறி அல்லது பெருக்கல் குறி: சிங்கிள். இது குட்டையான கண்ணி.
4. நிற்கும் கோட்டின் தலையில் ஒரு படுக்கைக் கோடு, சுத்தியல் போல: அரை டபுள்.
5. அதே சுத்தியலின் நடுவில் ஒரு சாய்ந்த கோடு: டபுள். நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிக்கொண்டு தொடங்க வேண்டும்.
6. நடுவில் இரண்டு சாய்ந்த கோடுகள்: டிரிபிள். நூலை இரண்டு முறை சுற்ற வேண்டும்.

அடையாளம் உயரமாக இருந்தால் கண்ணியும் உயரமாக வரும். அடையாளத்தின் கால் எங்கே நிற்கிறதோ, அங்கே ஊசியை நுழைக்க வேண்டும்.

இங்கே சொன்னவை அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்காவில் ‘சிங்கிள்’ என்பதை இங்கிலாந்தில் ‘டபுள்’ என்பார்கள். பெயரை நம்பினால் குழப்பம் வரும். படத்தைப் பார்த்தால் குழப்பம் இல்லை. ஜப்பானில் அச்சிட்ட படத்தைப் பார்த்தும் நீங்கள் பின்னலாம். சில புத்தகங்களில் அடையாளம் சற்று மாறலாம். அதனால் படத்தோடு கொடுத்திருக்கும் அடையாளப் பட்டியலை முதலில் பாருங்கள்.

எங்கே தொடங்குவது?

புத்தகத்தை மேலிருந்து கீழே படிக்கிறோம். வரிசையாகப் பின்னும் படத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஓர் எண் இருக்கும். எண் இருக்கும் பக்கத்தில்தான் அந்த வரிசை தொடங்குகிறது. ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்புகிறோம். அதனால் ஒரு வரிசையை வலமிருந்து இடமாகவும், அடுத்ததை இடமிருந்து வலமாகவும் படிக்கிறோம்.

பூப் போன்ற வட்டப் படத்தை நடுவிலிருந்து வெளியே படிக்க வேண்டும். வலது கையால் பின்னுபவர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிப் போக வேண்டும்.

ஒரு சிறு பயிற்சி

படத்தின் நடுவில் 6 முட்டைகள் வட்டமாக இருக்கின்றன. முடிவில் ஒரு கறுப்புப் புள்ளி. அப்படியானால் 6 சங்கிலி போட்டு வளையமாக இணைக்க வேண்டும்.

அதன் மேல் 3 முட்டைகள் நிற்கின்றன. இந்த 3 சங்கிலியும் சேர்ந்து ஒரு டபுளுக்குச் சமம். பக்கத்தில் 11 டபுள்கள் வட்டமாக நிற்கின்றன. எல்லாவற்றின் காலும் வளையத்துக்குள் இருக்கிறது. எனவே ஊசியை வளையத்துக்குள் விட்டுப் பின்ன வேண்டும். மொத்தம் எத்தனை? 12. கடைசியில் ஒரு புள்ளி. அங்கே சுற்றை இணைத்துவிடுங்கள். பின்னியதை எண்ணிப் பாருங்கள். 12 வந்தால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

கூலியும் கணக்கும்

இந்த எண்ணிக்கை இன்னொன்றுக்கும் உதவும். வீட்டில் பின்னுபவருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கூலி பேசுவார்கள். அது கட்டுமா, கட்டாதா? படத்தைப் பார்த்தே கணக்குப் போடலாம்.

ஒரு விரிப்பின் படத்தில் 1,800 கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு நிமிடத்தில் 10 கண்ணி போடுவீர்கள். அப்படியானால் 180 நிமிடம், அதாவது 3 மணி நேரம் ஆகும். பேசிய கூலியை 3-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிடும்.

நூலை வாங்கி வைத்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பயன் இல்லை. படத்தைக் கையில் வாங்கியதும் கண்ணிகளை எண்ணுங்கள். பிறகு கூலியைப் பேசுங்கள்.