காம்பைப் பார்த்து டிகிரி வாங்குங்கள்!

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால்கூட காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஆசாமிகள் நாம். லட்ச ரூபாய் கட்டி டிகிரி வாங்கும்போது மட்டும் 'அதான் யூனிவர்சிட்டினு போர்டு இருக்கே, அப்புறம் என்ன?' என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

போர்டில் என்ன வேணும்னாலும் எழுதலாம் ஸார்! சத்தீஸ்கரில் 2002ல் வந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியார் பல்கலைக்கழகங்கள் மளமளவென்று முளைத்தன. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பலவற்றுக்குக் கட்டடமே கிடையாது! பேராசிரியர் யஷ்பால் கோர்ட்டுக்குப் போனார். 2005ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டப் பிரிவுகளையே ரத்து செய்தது.

ஆகவே, முதல் கேள்வி: டிகிரி கொடுக்க இவங்களுக்கு உரிமை இருக்கா? 1956ம் வருட யு.ஜி.சி. சட்டப்படி, மத்திய, மாநில சட்டங்கள் மூலம் உருவான பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், பார்லிமென்ட் அனுமதித்த நிறுவனங்கள் மட்டுமே டிகிரி தரலாம். மற்றவர்கள் தருவதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: இந்தக் கோர்ஸுக்கு அனுமதி இருக்கா? இதைக் கேட்காமல் மாட்டியவர்கள் ஏராளம். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் இன்ஜினீயர் ஆகலாம் என்று நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்தன. பல்கலைக்கழகம் நிஜம்தான். ஆனால் அந்தக் கோர்ஸுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இல்லை. 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. 2001-05ல் சேர்ந்தவர்களின் டிகிரி நிறுத்தி வைப்பு; மறுபடி பரீட்சை எழுதி பாஸானால்தான் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் டிகிரி ரத்து! அதை வைத்து வாங்கிய புரமோஷனுக்கும் ஆபத்து. கட்டிய ஃபீஸைத் திருப்பித் தரச் சொன்னது கோர்ட். போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

மூன்றாவது கேள்வி: தரம் எப்படி? இதைப் பார்க்கத்தான் 1994ல் 'நாக்' வந்தது. தலைமையகம் பெங்களூரு. கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஒரு அறிக்கை எழுதித் தரவேண்டும். பிறகு வெளியிலிருந்து பேராசிரியர்கள் குழு வந்து லைப்ரரி, லேப், பாடம் நடத்தும் லட்சணம் எல்லாவற்றையும் பார்ப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வாரம் கல்லூரியே பெண் பார்க்க வரும் வீடு மாதிரி புதுப் பெயிண்ட்டும் பூந்தொட்டியுமாக ஜொலித்தது! 4 புள்ளிக்குக் கணக்குப் போட்டு, 'ஏ டபுள் ப்ளஸ்' முதல் 'டி' வரை கிரேடு. 'டி' என்றால் ஃபெயில். கிரேடின் ஆயுள் பொதுவாக 5 வருஷம். (கிரேடை எடுத்துவிட்டு 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் சொல்லும் முறைக்கு மாறப்போவதாக 2024ல் அறிவித்தார்கள்.)

அதற்காக கிரேடை வேதவாக்காக நினைக்கவும் வேண்டாம். நல்ல கிரேடுக்கு லஞ்சம் வாங்கியதாக, ஆய்வுக்குப் போன குழுவினரையே 2025ல் சி.பி.ஐ. கைது செய்தது. பழைய மாணவர்கள் நாலு பேரை விசாரிப்பது எப்போதும் நல்லது.

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யே வெளியிடுகிறது. பார்க்கப் பைசா செலவில்லை. அட்மிஷன் கவுன்ட்டரில் 'சீட் ரெண்டுதான் பாக்கி, சீக்கிரம் கட்டுங்க' என்று அவசரப்படுத்தினால், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: ''அப்படியா? அந்த ரெண்டு பேர் வரட்டும், நான் விசாரிச்சுட்டு வர்றேன்!''